குடிக்கூலி உதவி யாருக்கு?

ஆடி மாதத்தில் வீடு மாறலாகாது என்பது நம் ஜனங்களின் பழைய வழக்கம். ஆவணி பிறந்ததும் வைகையின் வடகரையில், கோரிப்பாளையம், மதிச்சியம், ஆழ்வார்புரம், செல்லூர் முதலிய இடங்களில், பாத்திரம் பண்டங்களையும் கட்டில் பீரோவையும் ஏற்றிக்கொண்டு, ‘குட்டியானை’ என்று ஜனங்கள் பெயர் வைத்திருக்கும் சிறு மோட்டார் வண்டிகள் தெருத் தெருவாகப் போவதைக் காணலாம். ஒரு வளவிலிருந்து காலி செய்து மற்றொரு வளவில் குடிபுகும் குடும்பங்கள் இவை. முன்னிலும் நல்ல வீடு கிடைத்ததென்று சந்தோஷமாக மாறுகிறவரும் இவர்களில் உண்டு. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்திவிட்டார் என்றோ, வீட்டை இடித்துக் கட்டப் போகிறார் என்றோ வேறு வழியின்றி மாறுகிறவரும் உண்டு. இந்த இரண்டாம் வகையாரின் வண்டி அநேகமாக ஊரின் நடுவிலிருந்து ஊரின் ஓரத்தை நோக்கியே ஓடுகிறது. அவர்களைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறோம்.

ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து வடகரையில் கால் வைக்கிறவருக்குக் கோரிப்பாளையமே நகரின் வாசல். தர்கா அங்கே இருக்கிறது. பல ஜில்லாக்களிலிருந்து நோயாளிகள் வந்து குவியும் அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரியும் மீனாட்சி அரசினர் மகளிர் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இந்த ஸ்தாபனங்கள் பெரிய உத்தியோகஸ்தர்களால் மட்டும் நடந்துவிடவில்லை. வார்டைக் கூட்டிக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி, நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர், வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் விதவை, ஆட்டோ ஓட்டுகிறவர், பூ கட்டி விற்கிறவள், மருந்துக் கடைச் சிப்பந்தி ஆகிய இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் வடகரையில் எந்தக் காரியமும் நடவாது. இவர்களுக்கு வேலை செய்யும் இடத்துக்கு அருகே வீடு வேண்டும். இரவு 10 மணிக்கு வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண்ணுக்கு வீடு 2 மைலில் இருப்பதற்கும் 10 மைலில் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அவளைக் கேட்டால் சொல்லுவாள்.

ஆனால் அருகே வீடு கிடைப்பது எளிதாயில்லை. ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டையைக் கண்டு கதவைத் தட்டுகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது சம்பளம் அல்ல. எந்த ஜாதி, எந்த மதம், வீட்டில் எத்தனை பேர், கறி மீன் சமைப்பதுண்டா என்ற கேள்விகளே பல இடங்களில் முந்துகின்றன. அந்தப் பரீட்சையில் தேறினால் முன்பணம். மாத வாடகை கொடுக்க இயலாது, கையில் ஒரு தொகை இருக்கிறது என்பவர் ஒத்திக்கு வீடு பிடிக்கிறார். தாலிக்கொடியை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் சில லட்சங்களை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, காலி செய்யும் நாளில் அது முழுசாகத் திரும்புமா என்ற கவலையோடு குடியிருக்கிறார். மின்சார விஷயமும் வேடிக்கையானது. வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் ராஜ்ய சர்க்கார் சலுகை கொடுத்தது. ஒரே மீட்டரில் நாலைந்து குடித்தனங்களுக்கு இணைப்புக் கொடுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைக்கும் வளவுகளில், அந்தச் சலுகை வீட்டுக்காரரின் மீட்டரோடு நின்றுவிடுகிறது. சர்க்கார் கொடுத்த வரம் பூசாரியின் வாசலைத் தாண்டவில்லை.

இந்நிலையில், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குச் சர்க்கார் குடிக்கூலி உதவி கொடுக்க வேண்டும் என்று யாரேனும் பேசினால், “இதென்ன புது வழக்கம்? வாடகையைக் கூடவா சர்க்கார் கொடுக்கும்?” என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். சர்க்கார் வாடகை கொடுப்பது இந்நாட்டில் புதிதல்ல. நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறது. அதற்கு வீட்டு வாடகைப் படி என்று பெயர்.

மத்திய சர்க்கார் சிப்பந்திகளுக்கு நகரங்களை மூன்று தரமாகப் பிரித்து இந்தப் படி வழங்கப்படுகிறது. மதுரை இரண்டாவது தரத்தைச் சேர்ந்தது. 2024 ஜனவரி முதல் இத்தர நகரங்களுக்கு விகிதம் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் ஆயிற்று. அதன்படி 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளமுள்ள கடைசிச் சிப்பந்திக்கு மாதம் 3,600 ரூபாய் வருகிறது. 1,00,000 ரூபாய் பெறும் அதிகாரிக்கு 20,000 ரூபாய் வருகிறது. ராஜ்ய சர்க்காரும் தன் ஊழியர்களுக்கு ஊருக்கும் சம்பளத்துக்கும் தக்கபடி வாடகைப் படி வைத்திருக்கிறது. இதை நாம் குறை கூறவில்லை. நகரத்தில் வேலை செய்யச் சொல்லுகிற எஜமானர், நகரத்து வாடகையையும் கவனித்தே தீர வேண்டும் என்ற நியாயமான கொள்கை அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில், ஒப்பந்தக்காரரின் கீழ் விளக்குமாறு பிடிக்கும் பெண்ணுக்கு இந்தக் கொள்கை ஏன் பொருந்தவில்லை? அவளும் அதே சர்க்காரின் வேலையைத்தானே செய்கிறாள்? அவள் கொடுப்பதும் அதே மதுரை வாடகைதானே?

சொந்த வீடு கட்டுகிறவருக்கும் சர்க்கார் கை கொடுக்கிறது. பழைய வருமான வரி முறையில் வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். 2015 ஜூன் மாதத்தில் தொடங்கிய பிரதம மந்திரியின் நகர வீட்டுத் திட்டம் கடன் வட்டிக்கு மானியம் கொடுத்தது. 2024 செப்டம்பரில் ஆரம்பித்த அதன் இரண்டாம் பாகத்திலும் 1.80 லட்சம் ரூபாய் வரை வட்டி மானியம் உண்டு. மனை இருக்கிறவனுக்கு வீடு, கடன் வாங்கத் தகுதியுள்ளவனுக்கு வட்டி, உத்தியோகம் இருக்கிறவனுக்குப் படி. இம்மூன்றும் இல்லாதவனுக்கு உபதேசம். நமது வீட்டு வசதிக் கொள்கையின் சுருக்கம் இதுதான்.

எண்ணிக்கையில் இவர்கள் அற்பமானவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்திய நகரங்களில் 100 குடும்பங்களில் 27க்கு மேற்பட்டவை வாடகை வீடுகளில் இருந்தன. அதே கணக்கில் நகரங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகப் பூட்டிக் கிடந்தன. 2012இல் மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவோ நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றும், அந்தப் பற்றாக்குறையில் 100க்கு 95 பங்கு ஏழைகளையும் குறைந்த வருமானக்காரரையுமே சேர்ந்தது என்றும் கண்டது. ஒரு பக்கம் வீடில்லாத ஜனங்கள். மறு பக்கம் ஜனங்களில்லாத வீடுகள். இந்த விபரீதம் எப்படி ஏற்பட்டது என்று சற்று ஆராய வேண்டும்.

இரண்டாவது மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1941இல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. யுத்தம் முடிந்ததும் 1946இல் அது சட்டமாயிற்று. 1949இல் புது உருவம் பெற்றது. 1960இல் மற்றொரு சட்டம் அதன் இடத்தில் வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி நியாய வாடகையை நிர்ணயிப்பார். குறித்த காரணங்கள் இருந்தாலன்றிக் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. இச்சட்டங்களால் பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வராமல் தப்பின என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உண்மையை மறைக்கலாகாது. பெரிய கடைக்காரர்கள் பெயரளவுக்கு ஒரு வாடகை கொடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அமர்ந்திருந்ததும் இதே சட்டத்தின் நிழலில்தான். ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு அதில் சாப்பிட்டு வந்த விதவை, அதைத் திரும்பப் பெறக் கோர்ட்டுக்கு நடந்து ஓய்ந்த கதைகளும் உண்டு. “வாடகைக்கு விட்டால் வீடு திரும்பாது” என்ற பயம் ஊரில் பரவிற்று. வீடுகள் பூட்டப்பட்டதற்கு அது ஒரு காரணம். வாடகைக்கென்று புதிதாக வீடு கட்டுவதும் குறைந்தது.

இந்தக் குறைகளைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு 2017ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22ஆம் தேதி அமலாயிற்று. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். முன்பணம் 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது. தண்ணீர், மின்சாரம் முதலியவற்றை வீட்டுக்காரர் நிறுத்தலாகாது. வாசிக்கும்போது எல்லாம் அழகாகவே இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பதே கேள்வி. முன்பணத்தைப் பற்றிய ஷரத்தின் தலைப்பிலேயே, வேறுவிதமான உடன்படிக்கை இருந்தாலன்றி என்ற ஒரு வாசல் திறந்து விடப்பட்டிருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவன் எந்த உடன்படிக்கைக்குத்தான் சம்மதிக்க மாட்டான்?

அதைவிட விபரீதமானது வேறொன்று. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை என்பதையே குடித்தனக்காரரை வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாக இச்சட்டத்தின் 21ஆவது பிரிவு ஏற்றுக்கொள்கிறது. செல்லூரில் ஒரு அறையில் குடியிருக்கும் கூலிக்காரர் எந்தக் காலத்தில் ஒப்பந்தம் எழுதினார்? வாய்ப்பேச்சும் முன்பணமும்தான் அவருடைய சாசனம். எழுதலாம் என்று அவர் கேட்டால், “எழுதுகிறவனாகப் பார்த்து வீட்டை விட்டுக்கொள்கிறேன்” என்று பதில் வரும். எழுத மறுத்தவர் வீட்டுக்காரர். எழுதாத குற்றத்துக்குத் தெருவில் நிற்பவர் குடித்தனக்காரர். இது நியாயமா என்று சட்டசபை அங்கத்தினர்களைக் கேட்கிறோம். பழைய சட்டம் வீட்டுக்காரரைப் பயமுறுத்தியது. புதிய சட்டம் குடித்தனக்காரரைத் தனியே விட்டுவிட்டது. இரண்டு சட்டங்களிலும் சர்க்கார் தன் கையிலிருந்து ஒரு காசும் போடவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

சர்க்கார் பணம் போடாமல் உத்தரவு மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதை 2020இல் எல்லோரும் கண்ணாரக் கண்டோம். கொரோனா நோயைத் தடுக்க மார்ச் 25ஆம் தேதி தேசம் முழுதும் அடைக்கப்பட்டது. நாலு நாள் கழித்து, மார்ச் 29ஆம் தேதி, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, அவர்களை வெளியேற்றக் கூடாது என்று மத்திய உள்நாட்டு இலாகா உத்தரவிட்டது. உத்தரவு நல்லது. ஆனால் அந்த வாடகையை நம்பி அடுப்பெரித்த சின்ன வீட்டுக்காரருக்கு அதை யார் கொடுப்பது என்று உத்தரவில் இல்லை. ஒரு மாதத்துக்குப் பின் என்ன என்பதும் இல்லை. கையில் காசில்லாதவர்களும் நகரத்தில் இடமில்லாதவர்களும் சொந்த ஊரை நோக்கி நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அதே நோய்க்காலத்தில் அமெரிக்க சர்க்கார் வாடகை பாக்கியைக் கொடுப்பதற்கென்றே 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலரும், 2021 மார்ச்சில் 2,155 கோடி டாலரும் ஒதுக்கிற்று. பணம் போய்ச் சேரத் தாமதமாயிற்று என்று அங்கே பெரிய கூச்சல் எழுந்ததும் உண்மையே. நம் நாட்டில் தாமதம் என்று குறை கூறவும் பணம் ஒன்று இருக்கவில்லை.

அந்தப் பெருநடைக்குப் பிறகுதான் வாடகை வீடு என்ற வார்த்தை புது டில்லியின் காதில் விழுந்தது. 2020 ஜூலை 8ஆம் தேதி, கட்டுபடியாகும் வாடகை வீட்டுத் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை அனுமதி அளித்தது. முன் திட்டங்களில் சர்க்கார் செலவில் கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளைச் செப்பனிட்டுத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவது அதில் ஒரு பகுதி. அப்படிக் காலியாகக் கிடந்தவை தேசம் முழுதும் சுமார் 83,000. வாடகை வீடாக மாற்றப்பட்டவை 6,000க்கும் குறைவு. யானைப் பசிக்குச் சோளப் பொரி என்று இதைத்தான் சொல்லுவார்கள். அந்த வீடுகள் முதலில் ஏன் காலியாகக் கிடந்தன என்பதையும் கேட்க வேண்டும். நிலம் மலிவு என்பதற்காக ஊருக்கு வெளியே கட்டினார்கள். பிழைப்போ ஊருக்குள்ளே இருந்தது. மதுரை நகர எல்லைக்கு வெளியே ராஜாக்கூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்கு வீடுகளின் அனுபவமும் இதுதான். வீடு கிடைத்தது. ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஏறியாக வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கொடுத்துவிட்டு, வேலையையும் இழப்பதானால் அது வீடாகாது, நாடு கடத்தலாகும். 1970இல் தோன்றிய அந்த வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிற்று. பெயர் மாறினால் போதாது. கட்டும் இடமும் மாற வேண்டும்.

மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கும் நம் ராஜ்யத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் மாபெரும் விடுதியை 706.50 கோடி ரூபாய் செலவில் ராஜ்ய சர்க்காரின் சிப்காட் ஸ்தாபனம் கட்டிற்று. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அந்நிய தேசத்துப் பெரிய தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும் என்றதும் நிலம் கிடைத்தது, பணம் கிடைத்தது, இஞ்சினீயர்கள் கிடைத்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியைக் கூட்டுகிறவர்களுக்கு மட்டும் அவை ஏன் கிடைப்பதில்லை? நமது நகரத்திலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. ஹார்வி மில் தொழிலாளருக்காகத் திருப்பரங்குன்றத்துக்கு அருகே எழுந்த ஹார்விபட்டி இன்றும் இருக்கிறது. லாபத்தையே கருதிய வெள்ளைக்கார முதலாளிகளுக்கு, தொழிலாளிக்கு வீடு வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஜனங்களின் சர்க்காருக்குத் தெரியாமலிருக்கலாமா?

இனி வெளி தேசங்களைச் சற்று நோக்குவோம். 1915இல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து வீட்டுக்காரர்கள் யுத்தத்தைச் சாக்காக வைத்து வாடகையை உயர்த்தியபோது, மேரி பார்பர் முதலிய ஸ்திரீகள் தெருத் தெருவாகச் சங்கம் கூட்டி வாடகை மறுப்புப் போர் நடத்தினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செய்யும்படி ஆயிற்று. அஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் நகரசபையார் 1923இல் வீட்டு வரி ஒன்றை விதித்தார்கள். மாளிகைக்காரருக்கு அதிகமும் சிறு குடித்தனக்காரருக்குச் சொற்பமுமாக அதை வைத்து, அந்தப் பணத்தில் நகரத்துக்குள்ளேயே தொழிலாளருக்கு வாடகை வீடுகள் கட்டினார்கள். 10 வருஷத்தில் 60,000க்கு மேல் கட்டினார்கள். இன்றும் அந்நகரத்து ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நகரசபை வீட்டிலோ, சர்க்கார் உதவி பெற்ற வீட்டிலோ இருக்கிறார்கள். அதனால் தனியார் வாடகையும் மட்டுக்கு அடங்கி நிற்கிறது.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே 1974ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, தகுதியுள்ள ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுத்தால், குறித்த அளவுக்கு உட்பட்டு மிச்ச வாடகையை சர்க்கார் வீட்டுக்காரருக்கு நேரே செலுத்துகிறது. நல்ல ஏற்பாடே. ஆயினும் தகுதியுள்ள 4 குடும்பங்களில் சுமார் ஒன்றுக்குத்தான் உதவி கிடைக்கிறது; மற்றவை வருஷக்கணக்கில் காத்திருக்கின்றன. உதவிச் சீட்டுக் கிடைத்தும் அதை ஏற்கும் வீட்டுக்காரர் கிடைக்காமல் அலைகிறவர்களும் உண்டு. நடுத்தர நகரங்களிலும் இதே கதை. வீடு போதாத ஊரில் பணத்தை மட்டும் கொடுத்தால், வீட்டுக்கான போட்டியே பெருகும். வியன்னா நமக்கு ஒரு பாடம், அமெரிக்கா மற்றொரு பாடம். வீடும் கட்ட வேண்டும், வாடகைக்கும் உதவ வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பலனில்லை.

“சர்க்கார் 1,000 ரூபாய் கொடுத்தால் வீட்டுக்காரர் வாடகையில் 1,000 ரூபாய் ஏற்றிவிடுவாரே” என்பது முதல் ஆட்சேபம். இது தள்ளத் தக்கதன்று. இதற்காகத்தான் பதிவான வீட்டுக்கு, ஒப்பந்த காலத்தில் ஏறாத வாடகைக்கு மட்டுமே உதவி என்று விதி வேண்டுமென்கிறோம். உதவி வேண்டுமானால் பதிவு வேண்டும் என்றால், வாடகை நிச்சயமாய்க் கிடைக்கும் என்ற ஆசையிலாவது வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுத முன்வருவார். சட்டத்தின் அதட்டலால் முடியாதது பணத்தின் உறுதியால் முடியும். “பணத்துக்கு எங்கே போவது?” என்பது இரண்டாவது ஆட்சேபம். அதிகாரியின் 20,000 ரூபாய்க்கு எங்கே போனார்களோ அங்கேதான் போக வேண்டும். “யாருக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது?” என்பது மூன்றாவது. 2023 செப்டம்பர் 15 முதல் 1 கோடிக்கு மேற்பட்ட ஸ்திரீகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையை நேரே பாங்கியில் செலுத்திக் காட்டிய ராஜ்யத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

குடிக்கூலி உதவி என்ற கொள்கையை வாழ்விட வாரியமே ஒருவகையில் ஒப்புக்கொண்டும் இருக்கிறது. பழைய அடுக்கு வீடுகளை இடித்துக் கட்டும்போது, வெளியே குடியிருக்கக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்து வந்ததை 24,000 ரூபாயாக உயர்த்தியது. கட்டிட வேலை 2 வருஷம் நீடித்தால் மாதத்துக்கு 1,000 ரூபாய் ஆகிறது. அதற்குக் கருணைத் தொகை என்று பெயர். அதிகாரிக்குக் கொடுப்பது படி. ஏழைக்குக் கொடுப்பது கருணை. இந்தப் பெயர் வித்தியாசத்தில்தான் நோய் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே மதுரையிலிருந்து தொடங்கச் சில யோசனைகளைச் சொல்லுகிறோம். முதலாவது, ஒப்பந்தம் எழுதாத குற்றத்தைக் குடித்தனக்காரர் தலையில் கட்டும் ஷரத்தைத் திருத்த வேண்டும். வாடகை கொடுத்ததற்கு ஏதேனும் அத்தாட்சி இருந்தால் அவருடைய குடியிருப்பைச் சட்டம் ஏற்க வேண்டும். பதிவு செய்ய ஜனங்கள் கலெக்டர் ஆபீஸைத் தேடிப் போகாமல், நகரசபையின் 100 வார்டுகளிலும் உத்தியோகஸ்தர்கள் வந்து இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, ஜாதியையும் மதத்தையும் சொல்லி வீடு மறுப்பதைக் குற்றமாக்க வேண்டும். அமெரிக்காவில் 1968லேயே நிறத்தையும் மதத்தையும் சொல்லி வீடு மறுப்பது சட்ட விரோதமாயிற்று. 2017ஆம் வருஷத்து நமது சட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்று அரசியல் சாசனத்தில் எழுதிய தேசத்துக்கு இது அவமானம்.

மூன்றாவது, நகரத்துக்குள் இருக்கும் சர்க்கார் நிலங்களிலும், பழுதாகிக் கிடக்கும் பழைய குடியிருப்பு நிலங்களிலும், விற்பனைக்கல்லாமல் என்றென்றும் வாடகைக்கே இருக்கும் வீடுகளை நகரசபையும் வாரியமும் கட்ட வேண்டும். 2024இல் வந்த மத்தியத் திட்டத்தின் 4 பகுதிகளில் வாடகை வீடும் ஒன்று; அதற்குரிய பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நான்காவது, விதவைகள், நோயால் வேலை இழந்தவர்கள், வயோதிகர்கள், சர்க்கார் ஸ்தாபனங்களில் ஒப்பந்த வேலை செய்கிறவர்கள் ஆகியோருக்கு முதலில் குடிக்கூலி உதவி ஏற்பட வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தொடங்காமலே இருப்பதற்கு அது சமாதானமாகாது. ஐந்தாவது, வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதிகளைச் சோதனை செய்வது ஏதேனும் விபத்து நடந்த மறுநாள் மட்டும் நடக்கும் சடங்காக இருக்கலாகாது. 2014இல் இதற்கென்றே சட்டம் வந்தது. வந்தும் 2024 செப்டம்பர் 12ஆம் தேதி விடியற்காலையில் மதுரைக் கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்து உயிர்கள் மாண்டன. பிழைக்க வந்த ஊரில் படுத்துறங்க இடம் தேடிய குற்றத்துக்காக அவர்கள் இறந்தார்கள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அது சொந்த வளையாகவே இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. நிச்சயமான வளையாக இருக்க வேண்டும். நாளைக்கு யாரும் தோண்டி எறியாத வளையாக இருக்க வேண்டும். தேர்தல் வரும்போது ஒவ்வொரு கட்சியும் எல்லோருக்கும் சொந்த வீடு என்கிறது. அந்த எல்லோரும் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை இன்று இரவு எங்கே படுப்பார்கள் என்பதை ஒரு கட்சியும் சொல்லக் காணோம்.

இந்த விஷயத்தில் தொழிலாளர் சங்கத்தாருக்கும் வாலிப ஊழியர்களுக்கும் பெரிய கடமை இருக்கிறது. சம்பள உயர்வுக்குப் போராடி 500 ரூபாய் பெற்றுத் தந்தால், அடுத்த மாதமே அது வாடகையில் போய்விடுகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். குடித்தனக்காரர் சங்கம் ஒன்று வார்டுதோறும் ஏற்படட்டும். ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கவும், பதிவு ஆபீஸுக்குத் துணை போகவும், சட்டசபை அங்கத்தினரை வழிமறித்துக் கேள்வி கேட்கவும் அது உதவட்டும். ஒற்றை வீட்டை நம்பிப் பிழைக்கும் சிறு வீட்டுக்காரரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் நமக்குப் பகைவரல்ல. நிச்சயமான வாடகை அவருக்கும் வேண்டும்.

அடுத்த ஆவணியிலும் கோரிப்பாளையத்துத் தெருக்களில் குட்டியானைகள் சாமான் ஏற்றிக்கொண்டு ஓடத்தான் போகின்றன. அவற்றில் எத்தனை வண்டிகள் ஊரை விட்டு வெளியே ஓடுகின்றன என்று எண்ணிப் பார்க்க நகரசபையார் ஒரு ஆளை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தட்டும். அந்தக் கணக்கைச் சட்டசபையின் மேஜை மீது வைக்கட்டும். அதற்குப் பிறகும் குடிக்கூலி உதவி புது வழக்கம் என்று சொல்லுகிறவர், முதலில் தம்முடைய வீட்டு வாடகைப் படியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.